நாலு பவுன் வளையலும் நாலு நாவல்களும்

அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, தீய்ந்த வாடை பக்கத்து வீடு வரைக்கும் போய்விட்டது. "அக்கா, பால் தீயுது போலிருக்கே!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்த பிறகுதான் நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேன். அரை லிட்டர் பால் போச்சு! மாமியார் திட்டவில்லை. "அப்படி என்னத்தத்தான் படிக்கே?" என்று மட்டும் கேட்டார்கள்.

அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாமியாருக்குச் சொல்ல வேண்டிய அந்தப் பதிலைத்தான் இப்போது சகோதரிகளாகிய உங்களுக்கு எழுதுகிறேன்.

அட்டைப்பெட்டியில் வந்த தோழிகள்

நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. பத்தாம் வகுப்போடு சரி. பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சரம்மா ஒருவர் இருந்தார். மகனோடு போய் இருப்பதற்காக வீட்டைக் காலி செய்தபோது, ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்தார். உள்ளே அவ்வளவும் இங்கிலீஷ் நாவல்கள்.

"எனக்கு இங்கிலீஷ் வராதே டீச்சர்!"

"வராட்டா வரவச்சுக்கோ. கதைதானே, பரீட்சையா எழுதப் போற?"

அத்தனையும் கிறிஸ்தவக் காதல் கதைகளும் மர்மக் கதைகளும். எனக்கே ஆச்சரியம்தான். கோவிலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். பாட்டுப் புத்தகம் தெரியும், பிரசங்கம் தெரியும். காதலும் கொலையும் துப்பறிதலும் நிறைந்த கதையில் ஜெபமும் வரும் என்பது தெரியாது!

அமெரிக்காவில் இது தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் என்ற அம்மையார் (1865-1947) நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். கணவர் இறந்தபிறகு இரண்டு பெண்குழந்தைகளை எழுதித்தான் காப்பாற்றினார். 'கிரேஸ்' என்றால் கிருபை. பெயரே அதுதான்! பிறகு 1979-ல் கனடாவைச் சேர்ந்த ஜேனட் ஓக் என்ற பெண்மணி 'லவ் கம்ஸ் ஸாஃப்ட்லி' என்ற நாவலை எழுதினார். அது நன்றாக விற்கவே, இப்படிப்பட்ட கதைகளுக்கென்று எழுதுகிறவர்களும் பிரசுரிக்கிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

இந்தக் கதைகளுக்கு என்று ஒரு வரம்பு உண்டு. காதல் இருக்கும், படுக்கையறை வாசலோடு கதை நின்றுவிடும். கொலை இருக்கும், ரத்தத்தை வாளி வாளியாக ஊற்ற மாட்டார்கள். யாராவது ஒருவர் கடவுளிடம் கோபித்துக்கொண்டிருப்பார். கடைசியில் சமாதானம் ஆவார். இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதவே மாட்டேன். நல்ல கதைகளுக்கு அடியில் வேறொரு விஷயம் ஓடுகிறது. அதற்குப் பெயர் கிருபை.

எங்கள் தெருவில் மூன்று கிருபைகள்

எங்கள் தெருவில் மட்டும் கிருபை என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். கத்தோலிக்க வீடுகளில் அதையே 'அருள்' என்பார்கள். பிறந்தது முதல் காதில் விழுகிற வார்த்தை. ஆனால் அதற்கு அர்த்தம் கேட்டால்? "கடவுள் நல்லா வச்சிருக்கிறது" என்று சொல்லியிருப்பேன். அது பாதி சரி. மீதியை எனக்குச் சொல்லித் தந்தவை இந்தக் கதைகள்தான்.

தண்டனைக்குத் தகுதியானவனைத் தண்டிக்காமல் விட்டால் அது இரக்கம். அத்தோடு நிற்காமல், அவனுக்குக் கொஞ்சமும் தகுதியில்லாத ஒரு நன்மையையும் கையில் கொடுத்து அனுப்பினால், அதுதான் கிருபை. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் கொடுக்கிறவர் நாமாக இருந்தால்? அங்கேதான் சங்கடம்.

முதலில் படித்தது 'லவ் கம்ஸ் ஸாஃப்ட்லி'. 'அன்பு மெதுவாகத்தான் வரும்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவனோடு வண்டி கட்டிக்கொண்டு மேற்கு நோக்கிப் புறப்பட்ட மார்ட்டி என்ற இளம்பெண், வழியிலேயே கணவனைப் பறிகொடுக்கிறாள். வயிற்றில் பிள்ளை. முன்பின் தெரியாத கிளார்க் என்ற விவசாயி வந்து, "என் பெண்குழந்தைக்குத் தாய் இல்லை. என்னைக் கல்யாணம் செய்துகொண்டு அவளைப் பார்த்துக்கொள். உனக்கு இங்கே பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போகிற வண்டிச் செலவை நானே தருகிறேன்" என்கிற மாதிரி கேட்கிறான். அவளுக்கோ அவனைப் பார்த்தாலே எரிச்சல். சமையலும் சரியாக வராது. முரண்டு பிடிக்கிற குழந்தை வேறு. அவன் பொறுத்துப் போகிறான், கதவைத் திறந்தே வைத்திருக்கிறான். அவள் மனம் மெல்ல மெல்ல இளகுகிறது.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஒரு புத்தகத்தைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு மாசம் ஆயிற்று! ஆனால் முடித்தபோது பரீட்சையில் பாஸானது போலச் சந்தோஷம். 2003-ல் இது தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது.

வளையல் கதை

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் அடுத்த நாவல் என்னை ஏன் அப்படி ஆட்டிவைத்தது என்பது உங்களுக்குப் புரியாது.

கல்யாணத்துக்கு எங்கள் அம்மா போட்ட நகையில் இரண்டு வளையல், நாலு பவுன். என் வீட்டுக்காரரின் தங்கை, "ஒரு கல்யாண வீட்டுக்குப் போட்டுட்டு ரெண்டு நாள்ல தந்திருதேன் மைனி" என்று வாங்கிப் போனாள். இரண்டு நாள் இரண்டு மாசமானது. கேட்டால் ஏதாவது சாக்கு. கடைசியில் ஒருநாள் அண்ணனிடம் வந்து அழுதாள். புருஷன் வாங்கிய கடனுக்காக வளையல் அடகுக்குப் போய், தவணை தப்பி, ஏலத்திலும் போய்விட்டதாம். கையில் இருந்தது அடகுச் சீட்டு மட்டும்தான்.

அந்தச் சீட்டை நான் வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டேன். எதற்கு? வளையலா திரும்ப வரப்போகிறது? ஆனாலும் வைத்திருந்தேன். வீட்டில் அவள் பேச்சு வரும்போதெல்லாம் பீரோவைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டுவேன். இவர் வாயை மூடிக்கொள்வார். இப்படியே ஆறு வருஷம். அவள் எங்கள் வாசல்படி ஏறவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் கோவிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் போவாள். நியாயம் முழுவதும் என் பக்கம்தான் இருந்தது, யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு எனக்கு ஒருநாள்கூட நிம்மதியாகத் தூக்கம் வந்ததில்லை.

புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன்

இந்த நிலையில்தான் இரண்டாவது நாவல், ஃபிரான்சின் ரிவர்ஸ் எழுதிய 'ரிடீமிங் லவ்' (1991). 'மீட்கும் அன்பு' என்று பொருள். ஆசிரியை அதற்கு முன் சாதாரணக் காதல் நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். விசுவாசத்துக்கு வந்த பிறகு எழுதிய முதல் நாவல் இது.

1850-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்ட ஜனங்கள் அலைமோதிய காலம். சிறு வயதிலேயே விபசாரத்துக்கு விற்கப்பட்ட ஏஞ்சல் என்ற பெண். மைக்கேல் ஹோசியா என்ற விவசாயி அவளை மணந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். அவள் ஓடிப் போகிறாள். அவன் போய்க் கூட்டி வருகிறான். மறுபடி ஓடுகிறாள்... வேதாகமத்தில் ஓசியா தீர்க்கதரிசியின் கதை இருக்கிறதல்லவா? விட்டு ஓடிய மனைவியைப் பதினைந்து வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து அவர் திரும்ப மீட்டுக்கொண்டார். அந்தக் கதையைத்தான் புதிதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! "சரியான ஏமாளி!" என்று புத்தகத்தைக் கட்டிலில் வீசிவிட்டு எழுந்து போய்விட்டேன். பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். கதையில் வரும் ஒரு பெண்ணின் மேல் எனக்கு என்ன இவ்வளவு ஆத்திரம்? ஏஞ்சல் ஓடிப்போகும்போதெல்லாம் என் கண்ணுக்கு நாத்தனார் முகம்தானே தெரிகிறது!

மறுநாள் மறுபடி எடுத்தேன். ஆங்காங்கே அந்தப் பெண் ஏன் ஓடுகிறாள் என்று சொல்லியிருந்தது. நன்றியில்லாமல் அல்ல. 'இந்த நல்லவனுக்கு நான் தகுதியில்லை' என்ற எண்ணம்தான் அவளைத் துரத்துகிறது. வெட்கத்தினால் ஓடுகிறவளுக்கும் திமிரினால் ஓடுகிறவளுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை. ஆறு வருஷமாக என் வாசல்படி ஏறாதவளுக்கு எது காரணம் என்று நான் ஒருநாளாவது யோசித்தேனா?

இன்னொன்றையும் கவனித்தேன். கடைசித் தடவை அவள் போனபோது மைக்கேல் தேடிப் போகவில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறான். வருஷங்கள் கழித்து அவள் தானாகவே வருகிறாள். கிருபை என்பது கையைப் பிடித்து இழுப்பது அல்ல. வரலாம் என்று வழியைத் திறந்து வைப்பது.

மர்மக் கதையில் கிருபைக்கு என்ன வேலை?

இதைத்தான் என் வீட்டுக்காரரும் கேட்டார். போலீஸ், துப்பாக்கி, துரத்தல் இவற்றுக்கு நடுவில் கிருபை எங்கே வருகிறது?

யோசித்துப் பாருங்கள். மர்மக் கதை என்றால் என்ன? யாரோ ஒருவர் ஒன்றை மறைக்கிறார். அது எப்போது வெளியே வரும் என்ற படபடப்பில் நாம் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறோம். சாதாரணத் துப்பறியும் கதையில் குட்டு வெளிப்பட்டால் கதை முடிந்தது, விலங்கை மாட்டிவிடுவார்கள். இந்தக் கதைகளில் குட்டு வெளிப்பட்ட பிறகுதான் உண்மையான கேள்வியே தொடங்குகிறது. 'எல்லாம் தெரிந்த பிறகும் என்னை ஏற்றுக்கொள்வார்களா?'

ஃபிரான்சின் ரிவர்ஸின் இன்னொரு நாவல் 'த லாஸ்ட் சின் ஈட்டர்' (1998). கடைசிப் 'பாவம் தின்னி'! பெயரே திகிலாக இருக்கிறதல்லவா? பிரிட்டனில் வேல்ஸ் பக்கத்தில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே இருந்திருக்கிறது. ஒருவர் செத்தால், பிணத்தின் மேல் வைத்த ரொட்டியை ஓர் ஏழை வந்து தின்பான். செத்தவரின் பாவமெல்லாம் அவன் தலையில் ஏறிவிடும் என்று நம்பினார்கள். அமெரிக்க மலைக் காட்டில் குடியேறியவர்கள் அதே வழக்கத்தை வைத்திருப்பதாக நாவல். தங்கை சாவுக்குத் தானே காரணம் என்று மருகுகிற பத்து வயதுச் சிறுமி கேடி, பாவம் தின்னியைத் தேடிப் போகிறாள். செத்த பிறகு அல்ல, இப்போதே தன் பாரத்தை எடுத்துவிட வேண்டும் என்கிறாள். அவள் தேடப்போன இடத்தில் ஊரே மறைத்து வைத்திருக்கும் ஒரு பயங்கர உண்மை வெளியே வருகிறது. அது என்ன என்று நான் சொல்ல மாட்டேன், படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தன் பெண் உயிரோடு நிற்கும்போதே அவளோடு முகம் கொடுத்துப் பேசாத அந்தத் தாயை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டையை அடைக்கிறது. பிள்ளைகளைக் கோபத்தில் "உன்னாலதான்" என்று சொல்கிற தாய்மார்கள் எல்லாரும் படிக்க வேண்டிய புத்தகம்.

நாலாவது, பால் தீய்ந்த அன்றைக்குப் படித்தது. டெரி பிளாக்ஸ்டாக் எழுதிய 'இஃப் ஐ ரன்' (2016). இவரும் சாதாரணக் காதல் கதைகள் எழுதிக்கொண்டிருந்து, 1994-ல் அதை விட்டுவிட்டுக் கிறிஸ்தவ மர்மக் கதைகளுக்கு வந்தவர். நண்பன் கொலையாகிக் கிடக்கிறான். தடயமெல்லாம் கேசி என்ற பெண்ணைக் காட்டுகின்றன. அவள் போலீஸிடம் போகாமல் ஓடுகிறாள். அவளைப் பிடிக்க அனுப்பப்பட்ட டிலன், போர்முனையில் மனம் நொந்து திரும்பியவன். ஓடுகிறவளைப் பற்றி விசாரிக்க விசாரிக்க, 'கொலைகாரி இப்படியா நடந்துகொள்வாள்?' என்று அவனுக்குச் சந்தேகம் வருகிறது. தன் தலைக்கே ஆபத்து இருக்கும்போதும் அடுத்தவர் துன்பத்தைக் கண்டால் அவள் நின்றுவிடுகிறாளே! கதை இதோடு முடியவில்லை, இன்னும் இரண்டு பாகம் இருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொடாதீர்கள்!

நான்தான் ஜாவர்!

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் பழைய படம் ஒன்று போட்டார்கள். 'ஏழை படும் பாடு', 1950-ல் வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் விக்தர் ஹ்யூகோ 1862-ல் எழுதிய 'லே மிஸரபிள்' நாவல்தான் அது. சுத்தானந்த பாரதியார் இதே பெயரில் தமிழாக்கியிருக்கிறார். நாகையா கதாநாயகன். இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமன் அதிலிருந்து 'ஜாவர்' சீதாராமன் என்றே ஆகிவிட்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய 'உடல் பொருள் ஆனந்தி' உங்கள் அம்மாக்களுக்கு நினைவிருக்கும்.

மூல நாவலின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ரொட்டி திருடியதில் தொடங்கி, தப்பியோடப் பார்த்ததற்கும் சேர்த்துப் பத்தொன்பது வருஷம் சிறையில் இருந்தவன், சோறும் படுக்கையும் கொடுத்த பாதிரியார் வீட்டிலேயே வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்து வருகிறது. "அதெல்லாம் நான் கொடுத்ததுதான்" என்கிறார் பாதிரியார். இதுவரைக்கும் இரக்கம். அப்புறம் ஒரு காரியம் செய்கிறார். மிச்சமிருந்த இரண்டு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் எடுத்து, "இதை ஏன் விட்டுவிட்டுப் போனாய்?" என்று அவன் கையில் கொடுக்கிறார். அது கிருபை! கிறிஸ்தவ நாவல் என்று ஒரு தனி வகை வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே இந்தக் கதை அதைச் சொல்லிவிட்டது.

வருஷக்கணக்காக விடாமல் துரத்துகிற ஜாவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேர்த்தது. அவர் கெட்டவர் அல்ல. லஞ்சம் வாங்காதவர், சட்டம் தவறாதவர். நியாயம் முழுவதும் அவர் பக்கம்தான். யாரைப் போல? பீரோவில் அடகுச் சீட்டை வைத்துக்கொண்டு ஆறு வருஷமாகத் துரத்துகிற என்னைப் போல!

என் விளக்குத் தண்டு

அந்த ஜூன் மாசம் நாத்தனார் மகளுக்கு எங்கள் ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. தினம் பஸ்ஸில் வந்து போக முடியாத தூரம். ஹாஸ்டலுக்குக் கட்ட வசதியில்லை. இவருக்கு மருமகள் மேல் உயிர். ஆனால் என்னிடம் கேட்கத் தைரியமில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

நான் மூன்று ராத்திரி தூங்கவில்லை. வளையலை மன்னிப்பது ஒன்று. மூன்று வருஷம் சோறு போட்டு, துணி துவைத்து, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்வது வேறொன்று. வளையல் போனது போனதுதான். இது தினம் தினம் கொடுக்க வேண்டியது. நாலாம் நாள் காலையில் காப்பியைக் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன்: "பிள்ளை நம்ம வீட்டுல இருந்து படிக்கட்டும்ங்க."

இவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

மகளைக் கொண்டுவிட வந்த நாத்தனார் படியேறாமல் வாசலிலேயே நின்றாள். "உள்ள வா" என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் அழுது கட்டிக்கொண்டோம் என்று எழுத ஆசைதான். நாவலில் அப்படித்தான் முடிந்திருக்கும். நிஜத்தில் அவள் காப்பியைப் பாதி குடித்துவிட்டு, "வாரேன் மைனி" என்று தலையைக் குனிந்துகொண்டே போனாள். மூன்றாவது தடவை வந்தபோதுதான் முகத்தைப் பார்த்துப் பேசினாள். வளையல் பேச்சை அவளே எடுத்தாள். "விடு" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் வலி முழுசாகப் போய்விடவில்லை. பவுன் விலையைப் பேப்பரில் பார்க்கும்போது இன்னும் வயிற்றைப் பிசைகிறது. மறுபடி நகை இரவல் கேட்டால் கொடுப்பேனா? மாட்டேன். மன்னிப்பது வேறு, மறுபடி ஏமாறுவது வேறு. ஆனால் ராத்திரியில் தூக்கம் வருகிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு யாராவது, "அப்போ பொம்பளைதான் எல்லாத்தையும் பொறுத்துப் போகணும்னு சொல்றீங்களா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை!

நம் கதைகளில் கூடையில் புருஷனைச் சுமந்து போனவள் நளாயினி. சுமக்கிற வேலை எப்போதும் பெண்ணுக்குத்தான். இந்த நாவல்களைக் கவனியுங்கள். 'லவ் கம்ஸ் ஸாஃப்ட்லி'யிலும் 'ரிடீமிங் லவ்'விலும் பொறுத்துக் காத்திருக்கிறவன் ஆண். பலமுள்ளவர் பலவீனமானவருக்குக் காட்டுவதுதான் கிருபை. பயந்துகொண்டு அடி வாங்குவதற்குக் கிருபை என்று பெயர் வைக்கக் கூடாது. 'என் அன்பினால் அவரைத் திருத்திவிடுவேன்' என்று எந்தப் பெண்ணும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். அடிக்கிற கணவனிடமிருந்து பாதுகாப்புத் தர 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.

இந்தக் கதைகளிலும் சொத்தை உண்டு. சிலவற்றில் ஜெபம் பண்ணின மறுநாளே எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடும். இன்னும் சிலவற்றில் வில்லன் கடைசி அத்தியாயத்தில் வசதியாகச் செத்துப்போவான். அவனை மன்னிக்கிற வேலை மிச்சம்! ஒரு புத்தகம் நல்லதா என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். மன்னிக்கிறவருக்கு அதனால் ஏதாவது நஷ்டம் வந்ததா? நஷ்டமே இல்லாமல் மன்னிக்கிற கதை, உப்பில்லாத சோறு.

படிக்க நினைக்கும் சகோதரிகளுக்கு

* முதலில் 'லவ் கம்ஸ் ஸாஃப்ட்லி' படியுங்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளும் தாராளமாகப் படிக்கலாம்.

* 'ரிடீமிங் லவ்' பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைக்கு நேரும் கொடுமைகள் அதில் வருகின்றன. பெண்பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் நீங்கள் படித்துவிடுங்கள். சிறுவயதில் அப்படிப்பட்ட துன்பம் அனுபவித்தவர்கள் தனியாகப் படிக்க வேண்டாம்.

* மர்மத்தோடு கொஞ்சம் குடும்பப் பாசமும் வேண்டுமா? டீ ஹெண்டர்சனின் 'த நெகோஷியேட்டர்' (2000) படியுங்கள். அநாதை இல்லத்தில் ஒன்றாக வளர்ந்த ஏழு பேர் தங்களுக்குள் அண்ணன் தங்கை ஆகிக்கொண்ட கதை.

* தெரியாத வார்த்தைக்கெல்லாம் அகராதியைப் புரட்டினால் கதை ஓடாது. ஒரே வார்த்தை மூன்று தடவை வந்தால் மட்டும் பாருங்கள்.

* மர்மக் கதையை மத்தியானத்தோடு நிறுத்துங்கள். ராத்திரி எடுத்தால் தூக்கம் போச்சு, காலையில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம்.

* நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எழுத்து மங்கினால் புத்தகத்தைக் குறை சொல்லாதீர்கள். வெள்ளெழுத்தாக இருக்கும். கண் டாக்டரைப் பாருங்கள். எனக்குக் கண்ணாடி வந்ததே இந்த நாவல்களால்தான்!

இப்போது எங்கள் வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு கூட்டம் கூடுகிறது. கல்லூரி இல்லாத நாளில் மருமகள் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்கிறாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தால், "பெறகு என்னாச்சு?" என்று குரல் வரும். போன வாரம் மருமகள் கேட்டாள்: "அத்தை, இந்த ஏஞ்சல் ஓடிக்கிட்டே இருக்காளே, மைக்கேலுக்கு அலுக்கவே அலுக்காதா?"

"அலுக்கும்மா. நல்லாவே அலுக்கும்" என்றேன். "அலுப்போடதான் திரும்பத் திரும்பப் போறான்."

மாமியார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

அந்த அடகுச் சீட்டு? பீரோவில்தான் எங்கேயோ கிடக்கும். தேடினால்தான் தெரியும். நான் தேடவில்லை.